ஜார்ஜ் டவுனில் கச்சேரியெல்லாம் நடந்திருக்கிறதா?

சங்கீதம் என்றாலே மயிலாப்பூர்தானே, துறைமுகத்தை ஒட்டிய பழைய வியாபாரப் பேட்டையான ஜார்ஜ் டவுன் பக்கம் கச்சேரி நடந்ததாகச் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அனேகமாக நீங்கள் சென்னைக்குப் புதுசு, டிசம்பரில் சபா கேன்டீன் பக்கம் போய்வந்த சூட்டில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

நான் ஜார்ஜ் டவுனுக்குள் இருக்கும் மண்ணடிக்காரன். சில வருடங்களுக்கு முன் மார்கழியில் அம்மாவைத் தெற்கே ஒரு சபாவுக்கு அழைத்துப் போயிருந்தேன். பக்கத்து சீட் பெரியவர், "எங்கேர்ந்து வரேள்?" என்றார். மண்ணடி என்றதும், "அங்கெல்லாம் பாட்டு கேக்கறவா இருக்காளா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அம்மா ரொம்ப மரியாதையாக, "வீணை தனம்மாள் எங்க பேட்டையிலதாங்க இருந்தாங்க" என்றார். பெரியவர் நிகழ்ச்சி நிரலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். தனம்மாள் ராமகிருஷ்ணன் தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். பெரிய வித்வான்களே வந்து தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். மைக் கிடையாது, யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த வீட்டுப் பேத்திகள்தான் பரதநாட்டியத்தில் பேர்போன பாலசரஸ்வதி, பாடகிகள் பிருந்தா, முக்தா. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் இந்தப் பட்டணத்தில் வாழ்ந்தவர்தான். தியாகராஜரே சென்னைக்கு வந்தபோது இங்கே பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில்தான் தங்கினார். வள்ளலார் தெய்வமணிமாலை பாடியது இதே ஜார்ஜ் டவுன் கந்தகோட்டத்து முருகனை. நீங்கள் சொல்லும் மயிலாப்பூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கி வைக்கப்பட்டது இங்கே எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில். ஆர்மீனியன் தெரு கோகலே ஹாலில் அன்னி பெசன்ட் அரசியலும் பேசினார், கச்சேரிகளும் நடந்தன. கோவிந்தப்ப நாயக்கன் தெரு சௌந்தர்ய மகாலும் அப்படித்தான். நாடகப் பாட்டையும் சேர்த்தால் வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை தியேட்டருக்குத் தனிப் பதிலே எழுத வேண்டும்.

உடனே "மயிலாப்பூரை மட்டம் தட்டுகிறான்", "சாதியை இழுக்கிறான்" என்று கிளம்பிவிடாதீர்கள். நானும் அங்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கிறவன்தான். பணக்காரர்களும் வக்கீல்களும் தெற்கே குடிபோனார்கள், அவர்கள் பின்னாலேயே சபாக்களும் போயின. இங்கே காலியான வீடுகள் குடோன் ஆயின. இதில் யாருடைய சதியும் இல்லை. ஆனால் போனவர்கள், இருந்த இடத்தின் பெயரையாவது சொல்லலாம் இல்லையா? தமிழிசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் இன்னும் உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதைக்கூட 'பாரிஸ் கார்னர் தாண்டி எங்கேயோ' என்பார்கள்.

அன்றைக்குக் கச்சேரி முடிந்து வீடு திரும்ப டாக்சி புக் பண்ணினால், மண்ணடி என்றதும் ஒவ்வொருவராக கேன்சல். ஒருத்தர் போன் செய்து, "சார், உள்ளே வண்டி போகாது, பீச் ஸ்டேஷன்ல இறக்கி விடட்டுமா?" என்று கேட்டார். முட்டி வலியோடு இருக்கும் அம்மாவை ராத்திரி பத்து மணிக்கு அங்கிருந்து நடத்தியா கூட்டிப்போவது? பகலில் தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி, லோடு வேன் என்று தெரு அடைத்துக் கிடக்கும், ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு என்ன அடைப்பு? மெட்ரோ வந்த பிறகு பரவாயில்லை, ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் ஆட்டோக்காரர் கேட்கும் காசு இருக்கிறதே, அது தனிக் கச்சேரி.

சரி, நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ஆர்மீனியன் தெருவில் அண்ணாந்து பார்த்து நடக்க முடியும். ராமகிருஷ்ணன் தெருவில் தனம்மாள் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அதற்குத் தயாராக வாருங்கள்.