வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி மிஞ்சின டின்னுங்கள என்ன பண்றது?

கேரளா பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. எடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்னாடி மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணிருக்காங்க, வேலை முடிஞ்சு மேஸ்திரி கிளம்பிட்டாரு, இப்ப மாடிப்படிக்கு அடியில அரை பக்கெட் வெள்ளையா கொழகொழன்னு ஒண்ணு, ஒரு பாக்கெட் சாம்பல் கலர் பவுடர், லேபிள் கிழிஞ்சு போன ஏ, பி-ன்னு ரெண்டு சின்ன டின்னு, அப்புறம் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல தண்ணி மாதிரி ஏதோ. மாமியார் தென்னை மரத்தடியில ஊத்தச் சொல்றாங்களாம், ஊத்தலாமான்னு கேள்வி.

ஊத்திராதீங்க்கா. கிணறு பக்கத்துலயே இருக்கும்ல. மொதல்ல அந்த பாட்டில பாருங்க, மத்ததெல்லாம் நாளைக்கு கூட பாத்துக்கலாம். அது பெயிண்ட் இளக்கற தின்னரா இருக்கலாம், இல்ல தளம் கழுவ கொண்டு வந்த ஆசிடா இருக்கலாம், ரெண்டும் பாக்க பச்சத் தண்ணிதான், வெயில்ல விளையாடிட்டு ஓடி வர்ற பிள்ளை எடுத்து மடக்குன்னு குடிச்சிரும். மூக்க வச்சு மோந்து பாக்காதீங்க, வேற பாட்டிலுக்கும் மாத்தாதீங்க. மூடிய இறுக்கி, 'விஷம்'னு தமிழ்லயும் மலையாளத்துலயும் பெருசா எழுதி ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள்ள நிமித்தி வச்சு, பிள்ளைங்க கை எட்டாத இடத்துல பூட்டி வைங்க. மேஸ்திரிக்கு போன் போட்டு என்னன்னு கேளுங்க, அவர் கொண்டு வந்த சாமான், அவரே எடுத்துட்டு போறதுதான் நியாயம். தின்னர் ஆவி காத்த விட கனம், தரையோட தவழ்ந்து போய் கேஸ் அடுப்பையோ சாமி விளக்கையோ தொட்டா குபீர்னு பத்திக்கும். ஆசிடா இருந்து நீங்க அத டாய்லெட்ல ஊத்தி, அங்க பிளீச்சிங் பவுடர் கிடந்தா குளோரின் கேஸ் வரும்.

வெள்ளை பக்கெட் பெரும்பாலும் அக்ரிலிக், பெயிண்ட் மாதிரி பூசற பிளாஸ்டிக் பூச்சு. ஒரு குச்சியில தொட்டு அரை டம்ளர் தண்ணில கலக்குங்க (பழைய டம்ளர், அப்புறம் சமையக்கட்டுக்கு வரக்கூடாது), பால் மாதிரி கரைஞ்சா தண்ணி பேஸ், திரிதிரியா பிரிஞ்சு மிதந்தா தின்னர் பேஸ். தண்ணி பேஸ்னா மணலோ மரத்தூளோ கலந்து வெளில நிழல்ல தொறந்து வச்சு கட்டியாக விடுங்க. மறுபடி இந்த குச்சி டெஸ்ட்ட ஏ, பி டின்னுல பண்ணிராதீங்க.

பவுடர் சிமெண்ட் வகைதான். காஞ்சா தூசி, நனைஞ்சா சுண்ணாம்பு மாதிரி காரம், பிஹெச் (அமிலம், காரம் அளக்கற அளவு) 12-க்கு மேல போகும், தோல அரிச்சிரும், ஆனா உடனே வலிக்காது, ராத்திரிதான் எரியும், அதனால கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. கட்டி தட்டிருந்தா வேஸ்ட்டு, ஒடஞ்ச பக்கெட்ல தண்ணி ஊத்தி கெட்டியாக்கி இடிபாட்டு கல்லோட சேத்துருங்க.

எனக்கு பெரிய பயமே அந்த ஏ, பி தான். ஏ, பி ரெண்டையும் கலந்தா இறுகற பூச்சு, எபாக்ஸியாவோ பியூ-வாவோ (பாலியூரித்தேன்) இருக்கும். எபாக்ஸியோட பி பாகம் அத இறுக வைக்கிற ஹார்டனர், தோல பொசுக்கும், அலர்ஜி வரும். பியூ-ன்னா ஒரு டின்னுல ஐசோசயனேட்னு மூச்சுக்கு ஆகாத கெமிக்கல் இருக்கும், ஆஸ்துமா இருக்கவங்க பக்கத்துலயே போக வேண்டாம். அதுல தண்ணி பட்டா கார்பன் டை ஆக்சைடு வரும், மூடி வச்சா டின்னு உப்பும், உப்பின டின்ன ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்புனா மூஞ்சில அடிக்கும். 'ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா கல்லாயிரும், தூக்கிப் போட்றலாம்'னு யாராவது சொல்வாங்க, லேபிள் இல்லாதத வச்சு அந்த வேலை வேண்டாம், மொத்தமா கலந்தா சூடேறி புகையும், பிளாஸ்டிக் டப்பாவே உருகும். தொறக்காம தனித்தனியா வைங்க. கொரோனா சமயத்து என்-95 மாஸ்க் தூசிக்குத்தான், ஆவிய நிறுத்தாது.

எங்க குடுக்கறதுன்னா, 2016 திடக்கழிவு விதியிலயே பெயிண்ட் டின்னு மாதிரி சாமானெல்லாம் வீட்டு அபாயக் கழிவுன்னு தனியா வச்சிருந்தாங்க. குப்பை எடுக்க வாசலுக்கு வர்ற ஹரித கர்ம சேனாக்காரங்ககிட்ட உள்ள என்ன இருக்குன்னு சொல்லி கேளுங்க, எடுக்க மாட்டோம்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டுக்கலாம். பிளாஸ்டிக் சாக்குல மறைச்சு மட்டும் போடாதீங்க, அத கையால பிரிக்கறதும் ஒரு அக்காதான்.

கண்ணுல பட்டா இமைய விரிச்சு 20 நிமிஷம் ஓடற தண்ணில கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க. குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, தின்னர் நுரையீரலுக்கு போயிரும். 108-க்கு அடிங்க, லேபிள் கிழிஞ்சிருந்தாலும் டின்ன போட்டோ எடுத்துட்டு போங்க.