இயேசுவின் குடும்ப மரம்: எங்கே முழுக் கோடு, எங்கே புள்ளிக் கோடு?

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக, இயேசுவின் குடும்ப மரத்தைப் பெரிய அட்டையில் வரையும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குத் தம்பி, தங்கைகள் இருந்ததாகப் போடலாமா? கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த என் மனைவி, மாதாவுக்கு வேறு பிள்ளைகளே கிடையாது என்கிறார். மாதாவின் பெற்றோர் அன்னாள், சுவக்கீன் என்றும் எழுதச் சொல்கிறார். எப்படி வரைவது?

பதில்: பெயர்களைத் தயங்காமல் எழுதுங்கள். கோடு இழுக்கும்போதுதான் கவனம் தேவை.

யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என நான்கு சகோதரர்களை மாற்கு 6:3 பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மத்தேயு 13:55-லும் அதே நால்வர்தான். கடைசி இரண்டு பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. சகோதரிகளும் இருந்தார்கள், ஒருவருக்கு மேல். அவர்களின் பெயர்களை எந்தச் சுவிசேஷகரும் எழுதவில்லை. மரியாள், சலோமே என்று எங்காவது பார்த்திருந்தால், அது பிற்கால எழுத்துகளிலிருந்து வந்தது. அட்டையில் ‘சகோதரிகள்’ என்று மட்டும் எழுதினால் போதும்.

இவர்களைப் பெற்றவர் யார் என்பதில்தான் உங்கள் வீட்டு வழக்கு. அது 1,600 ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்கு. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஹெல்விதியுஸ் என்பவர், இவர்கள் இயேசுவுக்குப் பின் யோசேப்புக்கும் மரியாளுக்கும் பிறந்தவர்கள் என்று வாதிட்டார். மறுத்து எழுதிய வேத அறிஞர் ஜெரோம், இவர்கள் மரியாளின் சகோதரி பெற்ற பிள்ளைகள் என்றார். கத்தோலிக்க மரபு பெரும்பாலும் ஜெரோமின் பக்கம். யோசேப்பின் முதல் மனைவிக்குப் பிறந்தவர்கள் என்பது மூன்றாவது கருத்து; கிழக்கத்திய மரபுவழிச் சபைகள் இதை ஏற்கின்றன.

ஜெரோமின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ‘சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயாகிய மரியாள்’ ஒருவர் என்கிறது மாற்கு 15:40. மாற்கு 6:3 பட்டியலின் முதல் இரண்டு பெயர்கள் அப்படியே இங்கும் வருகின்றன; இந்த மரியாள்தான் இயேசுவின் தாயின் சகோதரி என்பது ஜெரோமின் கணக்கு. ஆனால் அக்கால யூதர்களிடையே இவை தெருவுக்குத் தெரு கேட்கும் பெயர்கள். லூக்கா 2:7 இயேசுவை ‘முதற்பேறான குமாரன்’ என்பதையும் சேர்த்து வாசித்தால், உடன்பிறந்தவர்கள் என்பதே இயல்பாகப் படுகிறது என்பது என் எண்ணம். ஆயினும் மாற்கு 6:3-ல் ‘மரியாளுடைய குமாரன்’ என்ற சொல் இயேசுவுக்கு மட்டுமே வருகிறது. ஆகவே நால்வரையும் இயேசு இருக்கும் அதே வரிசையில் வைத்து, குறுக்கே முழுக் கோடு போடுங்கள். அவர்களிடமிருந்து மரியாளுக்கு ஏறும் கோடு புள்ளிக் கோடாக இருக்கட்டும். சபையில் யாராவது முகம் சுளித்தால், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரும் மரியாள் கடைசிவரை கன்னி என்றே நம்பினார் என்று சொல்லிப் பாருங்கள்.

அன்னாள், சுவக்கீன் பெயர்கள் பைபிளில் இல்லை. கத்தோலிக்க பைபிளிலும் இல்லை. யாக்கோபின் பெயரில் வழங்கும் 2ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில்தான் அவை முதலில் தென்படுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை ஜூலை 26-ல் அவர்களுக்கு விழா எடுக்கிறது. அவர்களுக்குப் புள்ளி வட்டம் போட்டு ‘மரபு’ என்று குறித்துவிட்டால் உங்கள் மனைவிக்கும் வருத்தமில்லை, பிள்ளைகளுக்கும் குழப்பமில்லை.

யோசேப்பின் தந்தைதான் உண்மையான தலைவலி. மத்தேயு அவரை யாக்கோபு என்கிறார், லூக்கா ஏலி என்கிறார். லூக்கா தருவது மரியாளின் வம்சம் என்று சொல்லி ஏலியை மரியாளின் தகப்பனாக்கிவிடுகிறார்கள் பலர். லூக்கா 3:23 அப்படிச் சொல்லவில்லை. இரண்டு பெயர்களையும் வசன எண்ணோடு எழுதி விடுங்கள். யோசேப்பு கடைசியாகக் காட்சியில் வருவது, 12 வயது இயேசுவைத் தேடி எருசலேம் தேவாலயத்துக்குத் திரும்பும்போது. சுவிசேஷங்களில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவரைத் தலைவனாக வைத்துத் தமிழில் தேம்பாவணி என்ற காப்பியமே எழுந்தது என்பது தனிக்கதை.

மரத்தைவிட இந்தக் குடும்பத்துக்குள் நடந்ததுதான் பிள்ளைகளுக்குச் சுவையாக இருக்கும். இயேசுவுக்கு மதிமயங்கிவிட்டது என்று அவரைப் பிடித்துக்கொண்டுபோக வந்தவர்கள் அவருடைய சொந்த இனத்தாரே (மாற்கு 3:21). அவருடைய சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 மூடி மறைக்காமல் சொல்கிறது. சிலுவையில் தொங்கும்போது தாயை அவர் ஒப்படைத்ததும் ஒரு சீஷனிடம்தான். கத்தோலிக்கர் இதையே வேறு பிள்ளைகள் இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். தம்பிகள் அப்போது விசுவாசிகளாக இல்லை என்பார்கள் மற்றவர்கள். ஆனால் அப்போஸ்தலர் 1:14-க்கு வந்தால், மேல்வீட்டு ஜெபத்தில் தாயும் இருக்கிறார், சகோதரரும் இருக்கிறார்கள். இடையில் நடந்ததற்கு 1 கொரிந்தியர் 15:7-ல் ஒரே வரி: உயிர்த்தெழுந்தவர் யாக்கோபுக்குத் தரிசனமானார். அந்த யாக்கோபே பின்னர் எருசலேம் சபையின் தலைவரானார். அப்போஸ்தலர் 15-ல், புறஜாதியாருக்கு (யூதரல்லாதவர்களுக்கு) விருத்தசேதனம் வேண்டுமா என்ற சச்சரவில் முடிவைச் சொல்பவர் அவர்தான். கி.பி. 62-ல் பிரதான ஆசாரியன் அன்னாஸ் அவரைக் கல்லெறிந்து கொல்லக் கொடுத்ததை யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் பதிவு செய்திருக்கிறார்.

இந்த யாக்கோபின் பெயருக்குக் கீழே, கலாத்தியர் 1:19-ல் உள்ளபடி ‘கர்த்தருடைய சகோதரன்’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் செபெதேயுவின் மகன் யாக்கோபோடு பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்; ஏரோது வாளால் கொன்றது அந்த யாக்கோபை.

யோவான் ஸ்நானகனின் தாய் எலிசபெத்தைச் சித்தி, பெரியம்மா என்று எந்த முறையிலும் வைக்காதீர்கள். லூக்கா 1:36 அவரை மரியாளின் இனத்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இயேசுவுக்கு மனைவி, பிள்ளைகள் இருந்ததாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு குறிப்பும் இல்லை. சகோதரர்கள் மனைவிமாரோடு பயணம் செய்ததை மட்டும் 1 கொரிந்தியர் 9:5-ல் பவுல் சொல்கிறார். அட்டையில் இடமிருந்தால் அதையும் சேர்க்கலாம்.