தண்ணீர் எதற்குக் கொஞ்சம்?

கேள்வி: டீச்சர், என் மகள் பதினொன்றாம் வகுப்பு. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் பாடம். இரண்டு பக்கம் ஆங்கிலக் கட்டுரை எழுதினாலும், ‘கதைதான் இருக்கிறது, அலசல் இல்லை’ என்று சிவப்பு மையில் திரும்பி வருகிறது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எப்படி உதவுவது?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: உங்களால் முடியும் அம்மா. இதில் ஆங்கிலம் அப்புறம்தான் வரும்.

குறளுக்குப் பொழிப்புரை என்றும் விளக்கவுரை என்றும் படித்திருப்பீர்கள். உங்கள் மகள் பொழிப்புரையோடு நின்றுவிடுகிறாள். பாளையங்கோட்டையில் நான் பாடம் எடுத்தபோது, சேரன்மகாதேவியிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் வரும் ஒரு பிள்ளையும் இப்படித்தான். வாயால் கேட்டால் தமிழில் அருமையாகச் சொல்லுவாள், தாளில் ஒன்றும் இருக்காது.

அவளிடம் கேட்டதையே நீங்களும் கேளுங்கள். அரசன் டங்கனை மேக்பெத் கொன்றதும், கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயல் கழுவிப் போய்விடும் என்கிறாள் அவன் மனைவி லேடி மேக்பெத். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டே கையைத் தேய்க்கிறாள். அங்கே தண்ணீரே கிடையாது. இந்தக் கைகள் சுத்தமாகவே ஆகாதா என்கிறாள்.

“ஏட்டி, ‘கொஞ்சம்’னு எதுக்குச் சொன்னா?”

கொலையைத் தோலில் பட்ட கறையாக நினைத்தாள் என்று பதில் வரும்.

“அப்ப பிறகு ஏன் போகல?”

கறை கையில் இல்லையே என்பாள். இந்த இரண்டு பதிலும்தான் அலசல். சூட்டோடு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், இலக்கணத்தை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம்.

பள்ளியில் பாயின்ட் (கருத்து), எவிடென்ஸ் (சான்றாக மேற்கோள்), எக்ஸ்பிளனேஷன் (விளக்கம்), லிங்க் (கேள்வியோடு இணைப்பது) என்று வரிசை சொல்லியிருப்பார்கள். நல்ல வரிசைதான். ஆனால் பிள்ளைகள் நான்குக்கும் ஆளுக்கு ஒரு வரி கொடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்பிளனேஷனுக்குப் பாதிப் பத்தி வேண்டும். முதல் வரி, ஒருவர் மறுத்துப் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். ‘அவளுக்குக் குற்ற உணர்ச்சி’ என்றால் யார் மறுப்பார்? ‘பாவத்தை வெறும் கைக்கறை என்று எண்ணியதே அவளைச் சாய்த்தது’ என்றால் நிரூபிக்க வேண்டிவரும். மேற்கோள் நாலைந்து சொல் போதும். கடைசி வரி வினாத்தாள் கேட்டதற்குத் திரும்ப வேண்டும்.

எழுதி முடித்ததும் மேற்கோளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அடுத்த வரியை வாசிக்கச் சொல்லுங்கள். மேற்கோள் இல்லாமலே அந்த வரி நின்றால், அது இன்னும் கதைதான். அழித்துவிட்டு, “எதுக்கு அந்தச் சொல்லு?” என்று மறுபடி கேளுங்கள். இந்த வாரம் ஒரே ஒரு பத்தி போதும்.