மூன்றாவது எண்ணைப் படித்தீர்களா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பார்வைச் சிதறல் இருக்கிறது என்று ஆறு மாதம் முன்பு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். போட்டால் தலை வலிக்கிறதாம், தரை சாய்கிறதாம். பள்ளியில் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறாள். அவள் அண்ணனுக்கு 13 வயது. அவனுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியபோது பழையதை இவளுக்குக் கொடுத்தோம். இருவருக்கும் பவர் ஒன்றுதான். இரண்டு சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். இவள் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?

பதில்: தலை வலிக்கிறது, தரை சாய்கிறது என்று குழந்தை தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். ஆறு மாதமாக வீட்டில் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி போட மறுக்கும் பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ கடிதங்கள் வருகின்றன. கேலிக்குப் பயந்து கழற்றுகிறவர்கள் உண்டு. உங்கள் மகள் அந்த வகை அல்ல. போகிற போக்கில் 'பவர் ஒன்றுதான்' என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அந்த வரியில் இருக்கிறது.

இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று எண்கள்: ஸ்பியர் (கிட்டப் பார்வை, தூரப் பார்வைக்கான பவர்), சிலிண்டர் (சிதறலைச் சரிசெய்யும் பவர்), ஆக்சிஸ் (அந்தச் சிலிண்டர் இருக்க வேண்டிய கோணம்). மகனின் வலது கண்ணுக்கு -0.50, -1.50, 180. மகளின் வலது கண்ணுக்கு -0.50, -1.50, 150. முதல் இரண்டைப் படித்ததோடு நின்றுவிட்டீர்கள்.

பார்வைச் சிதறல் உள்ள கண்ணின் கருவிழிப் படலம் பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளைந்திருக்காது. கரண்டியின் முதுகு மாதிரி ஒரு திசையில் கூடுதலாகவும் குறுக்கே குறைவாகவும் வளைந்திருக்கும். அந்த வளைவு எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்பதுதான் ஆக்சிஸ். லென்ஸின் சிலிண்டர் அதே கோணத்தில் உட்கார வேண்டும். 10 டிகிரி விலகினால் பலனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி விலகினால் சிதறலின் அளவு துளியும் குறையாது, திசை மட்டும் மாறும். உங்கள் மகளின் மூக்கில் நீங்கள் மாட்டியிருப்பது சரியாக 30 டிகிரி விலகிய கண்ணாடி. போதாததற்கு அது பெரிய பையனின் ஃபிரேம். அவளுக்கு இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் குறைவு. லென்ஸின் மையம் அவள் கண்ணுக்கு நேரே வரவே வராது.

நம்பிக்கை வரவில்லையென்றால் அந்தக் கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே கதவு நிலையின் செங்குத்துக் கோட்டைப் பாருங்கள். கடிகார முள் போல மெல்லத் திருப்புங்கள். லென்ஸுக்குள் தெரியும் கோடு வெளியே உள்ள கோட்டை விட்டுப் பிரிந்து சாயும். அவளுக்குத் தரை சாய்வதும் இப்படித்தான்.

சட்டை, சைக்கிள், புத்தகப் பை எல்லாம் மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்கு வரலாம். கண்ணாடி அந்தக் கணக்கில் வராது. மகனுக்குப் புதிது, மகளுக்கு அவன் கழித்தது என்று முடிவு செய்தபோது பெற்றோர் இருவரில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டாமா? ஒரு பிள்ளையின் கண்ணுக்குச் செலவழித்துவிட்டு இன்னொரு பிள்ளையின் கண்ணில் மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியாது. அது அநியாயம். அதன் மேல் பிடிவாதக்காரி என்ற பெயர் வேறு.

அந்தக் கண்ணாடியை இன்றே எடுத்து வையுங்கள். ஆறு மாதம் பழைய சீட்டை வைத்துப் புதிது செய்யாமல் மறுபடி கண் மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்து விட்டு அளக்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் கண் தானாகவே குவித்துக் குவித்து அளவை ஏமாற்றும். மருந்து அப்படிக் குவிக்கும் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும். அன்றும், சில சமயம் மறுநாளும், புத்தக எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே விடுமுறைக்கு முந்தைய நாள் நல்லது. சோம்பேறிக் கண் (தெளிவான பிம்பம் கிடைக்காமல் பார்வை சரியாக வளராத கண்) தொடங்கியிருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சரிசெய்வது எளிது. ஒன்பதிலும் முடியும், ஆனால் நாள் இழுக்கும். அந்த நாட்களில்தான் ஆறு மாதத்தைத் தொலைத்திருக்கிறீர்கள்.

எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், வழுக்காமல் மூக்கில் படியும் ஃபிரேம், இரண்டும் போதும். வாங்கும்போது உங்கள் முன்னாலேயே லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்து, மூன்று எண்களையும் சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு கையாலும் கழற்ற அவளுக்குப் பழக்குங்கள். ஒரு கையால் இழுத்தால் ஃபிரேம் கோணும், கூடவே லென்ஸின் கோணமும் மாறும். வாரம் ஒரு முறை காதுக் கம்பிகளை விரித்து மேஜையில் வையுங்கள். ஆடினால் நிமிர்த்தக் கொடுங்கள்.

சரியான கண்ணாடியிலும் முதல் சில நாட்கள் தரை கொஞ்சம் சாய்வாகத் தெரியலாம். காலையில் எழுந்ததும் போட்டுவிட்டு இரவில் கழற்றினால் விரைவில் பழகிவிடும். இரண்டு வாரம் கழிந்தும் சாய்கிறது என்று சொன்னால், அவளை அதட்டாமல் கண்ணாடியோடு திரும்பக் கூட்டிப் போங்கள்.