கனவை மறக்கிறவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெளிவுக் கனவு காண மூன்று மாதமாக முயல்கிறேன். கனவுக்குள் இருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிய வேண்டும், அதுதான் ஆசை. அதற்கான மைல்ட், வைல்ட், எஸ்எஸ்ஐஎல்டி என்ற மூன்று பயிற்சி முறைகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். இரவு படுத்ததும், விழிப்பு கலையாமலே நேராகக் கனவுக்குள் நுழையப் பார்க்கும் வைல்ட் செய்தபோது ஒருமுறை கைகால் அசையாமல் போய் ரொம்பப் பயந்துவிட்டேன். தூங்குவது நாலைந்து மணி நேரம். காலையில் எந்தக் கனவும் நினைவிருப்பதில்லை, அது பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன். எந்த முறை சிறந்தது? காலன்டமைன் மாத்திரை எடுக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

‘அது பெரிய விஷயமில்லை’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பதே அதைப் பற்றித்தான்.

அதற்கு முன் உங்கள் பயம். கைகால் அசையாமல் போனதில் ஆபத்து ஒன்றுமில்லை. ரெம் எனப்படும் கனவுத் தூக்கத்தில் மூளையே தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது, கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் இருக்க. அந்தக் கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிட்டாலோ, விழிப்பு கலையும் முன்பே கட்டு விழுந்துவிட்டாலோ இப்படி ஆகும். தானாகவே விலகிவிடும். இருட்டில் தனியாகப் பயந்து கிடந்திருப்பீர்கள், பாவம். இனி வந்தால் மூச்சை மட்டும் கவனித்தபடி சும்மா படுத்திருங்கள்.

ஆனால் நாலைந்து மணி நேரத் தூக்கத்துக்கு உங்களைத் திட்டாமல் விட முடியாது. ரெம் தூக்கம் பொதுவாகப் படுத்த உடனே வருவதில்லை. முதல் தவணை சுமார் 90 நிமிடம் கழித்து வருகிறது, அதுவும் சில நிமிடம்தான். நீளமான கனவுகள் எல்லாம் விடியற்காலைப் பக்கம். சரியாக அந்தப் பகுதியைத்தான் நீங்கள் வெட்டி எறிகிறீர்கள். இதில் முறையைக் குறை சொல்லி என்ன பயன்?

இப்போது நினைவு. கனவு ஆய்வாளர் ஸ்டீபன் லாபெர்ஜ் 1980இல் விவரித்த மைல்ட் முறைப்படி, கனவிலிருந்து விழித்ததும் அந்தக் கனவை முழுதாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் அதே கனவுக்குள் திரும்பப் போய், இந்தத் தடவை ‘இது கனவு’ என்று கண்டுகொள்வதாகக் கற்பனை செய்ய வேண்டும். அடுத்த கனவில் அது நினைவுக்கு வர வேண்டும் என்ற தீர்மானத்தோடு தூங்க வேண்டும். கனவே கையில் இல்லாமல் நீங்கள் எதற்குள் திரும்பப் போனீர்கள்? நீங்கள் செய்தது மைல்டே இல்லை. இன்னொன்று, தெளிவுக் கனவு வந்தும் மறந்துபோயிருக்கலாம். வரவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சின்ன வயதில் நானும் அண்ணனும் ஒரே அறையில் படுப்போம். கண் விழித்ததும் அவன் எழ விடமாட்டான். “அசையாதே, என்ன பார்த்தே, சொல்லு” என்பான். புரண்டு படுத்தால் கனவு போய்விடும் என்பது அவன் கண்டுபிடிப்பு. புரண்டுவிட்டால் பழையபடி அதே பக்கம் திரும்பி, கன்னத்தை அதே கையில் வைத்துப் படுக்கச் சொல்வான். முதலில் ஒரு படிக்கட்டு வரும். அப்புறம் அதில் நின்ற ஆள். அப்புறம் அவர் கேட்ட கேள்வி. வாலைப் பிடித்துத் தலைக்குப் போவோம். அவன் வெளியூருக்குப் படிக்கப் போனதும் எனக்குக் கனவே நின்றுவிட்டதாக நினைத்தேன். நிற்கவில்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்த பிறகு எல்லாம் திரும்பி வந்தன. அந்த நோட்டைப் புரட்டியபோது, கனவில் நான் படிக்கும் எழுத்து அடிக்கடி மாறுவது தெரிந்தது. பிறகு ஒரு கனவில், சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத் தலையைத் திருப்பி மறுபடி பார்த்தேன். வேறு வாசகம் இருந்தது. அட, இது கனவு! என் முதல் தெளிவுக் கனவு அப்படித்தான் வந்தது.

பிரெஞ்சுக்காரரான எர்வே த சான் தெனி சிறுவனாக இருந்தபோதே கனவுக் குறிப்பு எழுதத் தொடங்கியவர். முதல் தெளிவுக் கனவு 207ஆவது இரவில் வந்ததாக 1867இல் வெளியிட்ட நூலில் சொல்கிறார். மைல்டும் இல்லை, வைல்டும் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார். உங்களுக்கு மூன்று மாதத்தில் அலுத்துவிட்டது!

ஒப்பீடுதானே கேட்டீர்கள், சரி. டென்ஹோம் ஆஸ்பி 2020இல் வெளியிட்ட ஆய்வில் 355 பேர் பங்கேற்றார்கள். மைல்டும், பார்வை, ஒலி, உடலுணர்வு என்று கவனத்தைச் சுற்றிவரச் செய்யும் எஸ்எஸ்ஐஎல்டியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. வைல்ட் உங்களுக்கு இப்போது வேண்டாம். ‘இது கனவா, நனவா’ என்று சோதிக்கப் பகலில் விரலை எண்ணிப் பார்ப்பதில் கெடுதல் இல்லை, அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

காலன்டமைன் அல்சைமர் நோய்க்குத் தரும் மருந்து. மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். 2018இல் லாபெர்ஜ் குழு 121 பேரிடம் செய்த சோதனையில், போலி மாத்திரை எடுத்த இரவில் 14 சதவீதம் பேருக்கும், 8 மில்லிகிராம் எடுத்த இரவில் 42 சதவீதம் பேருக்கும் தெளிவுக் கனவு வந்தது உண்மைதான். அந்த எண்தான் உங்களை இழுத்திருக்கும். ஆனால் அவர்கள் எல்லோரும் கனவுகளை நன்றாக நினைவில் வைத்திருப்பவர்கள். நாலரை மணி நேரம் தூங்கிய பிறகு எழுந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு, அப்புறம் மறுபடி தூங்கப் போனார்கள். நீங்களோ அந்த நேரத்தில் படுக்கையை விட்டே எழுந்துவிடுகிறீர்கள்.