மாரிகாலத்தில் வீட்டைப் பூட்டி வைக்காதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழையையும் அடைந்து கிடக்கிற வீட்டையும் பற்றியவை. அவற்றில் நான்குக்கு இங்கே பதில்.

கேள்வி: நவம்பர் பிறந்தாலே வீடு முழுக்கப் பூஞ்சண மணம். வாடைக்காற்றுக்குப் பயந்து யன்னல் எல்லாம் சாத்தித்தான் வைத்திருக்கிறோம். பகலிலும் படுக்கத்தான் தோன்றுகிறது, ஒன்றிலும் மனம் பதியவில்லை. முன்பு பனையோலைப் பெட்டி இழைப்பேன், அதையும் விட்டாயிற்று. என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: ரீச்சர், முதலில் அந்த யன்னல்களைத் திறவுங்கள். வாடைக்காற்று ஆகாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் சோறு வேகிற ஆவி, குளியலறை ஈரம், விறாந்தையில் இடமில்லாமல் அறைக்குள் கொடி கட்டிப் போட்ட உடுப்பு, இருக்கிறவர்கள் விடுகிற மூச்சு என்று எல்லா ஈரமும் வெளியே போக வழியில்லாமல் சுவரிலும் மெத்தையிலும்தான் போய் இறங்கும். ஒரு வாளி உடுப்பு காயும்போதே லீற்றர்க் கணக்கில் தண்ணீர் காற்றில் கலக்கிறது. நனைந்த துணியிலும் பலகையிலும் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

நாள் முழுக்கத் திறந்து வைக்கவேண்டும் என்றில்லை. மழை விட்டிருக்கிற நேரம் பார்த்து, அதுவும் விடியற்காலையில் இல்லாமல் மதியத்தை ஒட்டி, ஒரு இருபது நிமிடம் போதும். எங்கள் பக்கம் மழை வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும், அதனால் அந்தப் பக்கத்து யன்னலை ஒரு சாண் அளவுக்கும் எதிர்ப்பக்கத்தை அகலமாகவும் திறந்தால் சாரல் உள்ளே வராமல் காற்று மட்டும் ஊடறுத்துப் போகும். கூடவே மின்விசிறியையும் போடுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள், அதன் முதுகைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். பிடித்த பூஞ்சணத்தை விளக்குமாற்றால் உலரத் தட்டாதீர்கள், வீடு முழுக்கப் பறக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடவேண்டும். குளோரின் திரவம் பாவிப்பதென்றால் அதோடு வினாகிரியையோ கழிவறை கழுவுகிற அமிலத்தையோ தப்பித்தவறியும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். கூரை ஒழுகினால் அதை முதலில் அடையுங்கள், ஒழுக்கு இருக்கும்வரை மேலே பெயின்ற் அடிப்பது வீண் காசு.

இனி மனசு. திருகோணமலையில் மார்கழியில்கூடப் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. வெளிச்சம் இல்லாமல் இல்லை, முகில் கொஞ்சம் மறைக்கிறது, மிச்சத்தை மூடிய யன்னல் மறைக்கிறது. அதனால் கதிரையை யன்னலோரம் போட்டு, ஓலையைத் திரும்பக் கையில் எடுங்கள். உங்களுக்குத் தெரியாததில்லை, வெயில் காலத்தில் ஓலையை நனைத்து நனைத்துத்தானே இழைக்கவேண்டும், இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் வெடித்துவிடும். மாரியின் ஈரக்காற்றில் அதே ஓலை சொன்னபடி வளையும். ஈர்க்கு நீக்கி, வார்ந்து, அடி போட்டு மூலை திருப்புகிறவரை விரலும் கண்ணும் வேறெங்கும் போகாது. மனசுக்கு அந்த ஓய்வுதான் இப்போது வேண்டும். பெரிய பெட்டி வேண்டாம், பேரப்பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பை போதும். முடித்ததை மட்டும் உடனே அடுக்கி மூடி வைக்காதீர்கள், ஓலையிலும் பூஞ்சணம் வரும்.

ஒன்றை மறக்கவேண்டாம். சோர்வு இரண்டு கிழமைக்கு மேல் விடாமல் இருந்தால், நித்திரையும் பசியும் குறைந்தால், மழையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இருக்காமல் வைத்தியரிடம் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகள் அறைக்குள் ஈர ஆவி விடுகிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறாள். எனக்கும் ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். வாங்கலாமா?
– ஒரு தாய், திருகோணமலை நகரம்

பதில்: வேண்டாம் அம்மா. அவளுக்கு அது தேவை, உங்களுக்கு அது கேடு. அங்கே குளிர்காலக் காற்றில் நீராவி மிகக் குறைவு. அந்தக் காற்றை வீட்டுக்குள் சூடாக்கும்போது இன்னும் உலர்ந்து, உதடு வெடித்து, தொண்டை வறளும். அதனால் ஈரம் சேர்க்கிறார்கள். பொதுவாக வீட்டுக்குள் ஈரப்பதம் நூற்றுக்கு 30 முதல் 50 வரை இருப்பது நல்லது என்பார்கள், 60ஐத் தாண்டக்கூடாது. எங்கள் மாரியில் வெளியே 80க்கு மேல் நிற்பது சாதாரணம். அனுப்புவதென்றால் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் ஏசி இருந்தால், அதிலுள்ள ‘டிரை’ முறையைக் கொஞ்ச நேரம் போட்டாலே ஈரம் குறையும், வடிகட்டியைக் கழுவிவிட்டுப் போடுங்கள். மகளிடமும் ஒன்று சொல்லுங்கள்: அந்த மெஷினின் தண்ணீரைத் தினமும் மாற்றிக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் கிருமியைத்தான் அறைக்குள் ஊதும்.

கேள்வி: மழையோடு நுளம்பும் கூடிவிட்டது. இரவில் கதவை அடைத்து நுளம்புச்சுருள் கொளுத்துகிறோம். நாலு வயது மகனுக்கு மூச்சு முட்டு வருகிறது. சுருள் காரணமாக இருக்குமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: இருக்கலாம் தங்கச்சி, இன்றைக்கே நிறுத்துங்கள். 2003இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவு என்று கண்டது. அதைப் பூட்டிய அறைக்குள் பிள்ளை இரவு முழுக்கச் சுவாசிக்கிறான். கட்டிலுக்கு நுளம்பு வலை கட்டுங்கள், யன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பிள்ளை மதியம் படுத்தாலும் வலைக்குள்தான் படுக்கவேண்டும். 2017இல் டெங்கு கிண்ணியாவை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சிரட்டை, பழைய ரயர், பூச்சட்டித் தட்டு எல்லாவற்றையும் கிழமைக்கொரு முறை கவிழ்த்துவிடுங்கள். சாம்பிராணியும் புகைதான், அதையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். முட்டுக்கு வைத்தியரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மழையால் கிரிக்கெட் இல்லை. ஃபோன் பார்த்தால் அம்மா ஏசுகிறா. வீட்டுக்குள் இருந்து என்னதான் செய்வது?
– பத்தாம் வகுப்பு மாணவன், மூதூர்

பதில்: தம்பி, மழையை அளந்து பார். நேரான சோடாப் போத்தல் ஒன்றின் மேல்பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல்போலச் செருகு. அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும், அதைச் சீமெந்தால் நிரப்பிச் சமப்படுத்து. அங்கிருந்து அடிமட்டத்தால் மில்லிமீற்றர் குறித்தால் மழைமானி தயார். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்குத்தான் அளவெடுக்கிறது, நீயும் அதே நேரத்தில் எடுத்துக் கொப்பியில் எழுதி, அவர்கள் சொல்கிற கணக்கோடு ஒப்பிட்டுப் பார். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் கூரை 50 சதுர மீற்றர் என்று வை, 20 மில்லிமீற்றர் பெய்தால் அதன் மேல் ஆயிரம் லீற்றர் விழுந்திருக்கும்!

பின்னேரம் மழை விட்டதும் வளவுக்குள் காது கொடு. ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து வந்து சேர்கிற காலம் இது, ஏப்ரல் வரைக்கும் நிற்கும். பச்சை முதுகு, குட்டை வால், வாலுக்குக் கீழே சிவப்பு. பொழுது படும்போது விசிலடிப்பதை வைத்து இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அப்புறம், மழைமானியைக் கூரை ஓரத்திலோ மரத்தடியிலோ வைக்காதே, கணக்குப் பிழைக்கும். அளந்த உடனே தண்ணீரை ஊற்றிவிடு, நுளம்பு முட்டையிட இடம் கொடுக்கக்கூடாது.