வாடகை வீட்டின் பின்னால் ஓர் அறையும் கழிவறையும் சேர்க்க வேண்டும்: பழைய சிமெண்டுத் தரை மேலேயே சுவர் எழுப்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. பினாங்கு ஜெலுத்தோங்கில் 20 அடி அகல ஒற்றை மாடி டெரஸ் வீடு, இரண்டு அறை, ஒரே கழிவறை. பின்னால் 15 அடி ஆழத்துக்குச் சிமெண்டு முற்றம். அங்கே ஓர் அறையும் கழிவறையும் கட்டி வாடகைக்கு விட வேண்டும். இருக்கிற தரை மேலேயே சுவர் எழுப்பிவிடலாம் என்கிறார் கட்டுமானக் குத்தகையாளர்.

அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் தரை நடக்கவும் துணி காயப்போடவும் ஊற்றியது. 3, 4 அங்குலம்தான் இருக்கும், அடியில் அஸ்திவாரம் இருக்காது. இருபுறமும் பூசிய அரைச்செங்கல் சுவர் (ஒரு கல்லின் அகலமே கனமான சுவர்) 2.7 மீட்டர் உயரம் எழுந்தால், நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 700 கிலோ எடை. பழைய வீடு பல ஆண்டுகளுக்கு முன்பே மண்ணில் அமர்ந்துவிட்டது, புதுச்சுவரோ இனிமேல்தான் அமரத் தொடங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடும். சிமெண்டு வைத்து அடைத்தாலும் அடுத்த மழைக்காலத்தில் அதே கோட்டில் திறக்கும்.

தரையை வெட்டி, தூண்களுக்குத் தனி அடித்தளமும் அவற்றை இணைக்கும் தரைவிட்டமும் போட வேண்டும். புதுத்தூண் பழைய சுவரை ஒட்டி நிற்கலாம், ஆனால் கம்பி அடித்துப் பிணைக்கக் கூடாது. நடுவில் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பாலிஸ்டைரின் தகடு வைத்து, வெளிமுகத்தைப் பியூ சீலன்ட்டால் (ரப்பர்போல் நெகிழும் பாலியூரித்தேன் பசையால்) மூடுங்கள். கட்டடம் அசையத்தான் செய்யும், அந்த அசைவுக்கு இடம் கொடுத்துவிட்டால் சுவர் பிழைக்கும். பட்டர்வொர்த் கரையோரக் களிமண்ணிலோ கோலாலம்பூரின் பழைய ஈயக்குட்டை நிலத்திலோ கட்டுகிறவர்கள், பைலிங் (ஆழத்தில் இறக்கும் கம்பத் தூண்கள்) வேண்டுமா என்பதைப் பொறியாளரிடம் கேட்காமல் குழி தோண்ட வேண்டாம்.

அறை எங்கே வரும் என்பதை முடிவு செய்வது கழிவறை. கழிவறையை முடிவு செய்வது மேன்ஹோல், அதாவது கழிவுக்குழாய் போய்ச் சேரும் மூடி போட்ட குழி. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பிறகு கழிவறைத் தரையை இரண்டு படி உயர்த்த வேண்டி வந்த வீடுகள் ஏராளம்.

ஆகவே முதல் வேலையாக மேன்ஹோல் மூடியைத் திறந்து, ஒரு நீளக் குச்சியை உள்ளே ஓடும் வாய்க்காலின் அடிவரை இறக்குங்கள். பிறகு கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அந்தக் குச்சியோடும் மறு முனையைச் சமையலறை வாசலிலும் பிடியுங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய்யாகும், தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். இரண்டு முனையிலும் நீர் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டு, குச்சியின் அடியிலிருந்து கோடுவரை உள்ள அளவில் வாசல் தரையிலிருந்து கோடுவரை உள்ள அளவைக் கழித்தால், சமையலறைத் தரையிலிருந்து மேன்ஹோல் அடி எவ்வளவு கீழே இருக்கிறது என்பது கிடைத்துவிடும்.

இப்போது கணக்கு. தரையில் கழிவு இறங்கும் வகைக் கழிவறைப் பீங்கானுக்கு, தரைக் கான்கிரீட்டும் வளைவுக் குழாயும் சேர்ந்து, குழாயின் அடி கழிவறைத் தரைமட்டத்துக்கு ஏறக்குறைய 400 மில்லிமீட்டர் கீழே தொடங்கும். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 40க்கு 1 சாய்வு வையுங்கள். மேன்ஹோல் 3 மீட்டர் தள்ளியிருந்தால் இன்னும் 75 மில்லிமீட்டர். ஆக, மேன்ஹோல் அடி குறைந்தது 475, கொஞ்சம் இடம் விட்டு 500 மில்லிமீட்டர் கழிவறைத் தரைக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. கழிவறைத் தரை சமையலறையைவிட 50 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும் என்பதால், சமையலறையிலிருந்து அளந்த அளவு 550 இருக்க வேண்டும். அவ்வளவு ஆழம் இல்லையா? சுவர்வழியாகக் கழிவு போகும் பி-டிராப் பீங்கான் வாங்குங்கள். அதன் வாய் தரையிலிருந்து சுமார் 180 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதால், குழாய் சுவருக்கு வெளியே இறங்கிப் போய்விடும்.

குழாய் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி வளைவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி போடச் சொல்லுங்கள், அடைத்தால் குத்தித் திறக்க ஒரு சுத்தவாயும் வேண்டும். 50 மில்லிமீட்டர் காற்றுக்குழாய் ஒன்று கூரைக்கு மேலே போகட்டும். அதை விட்டுவிட்டால், ஒவ்வொரு முறை ஃபிளஷ் செய்யும்போதும் தரைப்பொறியில் (தரை நீர் இறங்கும் துளைக்கு அடியில் நாற்றத்தைத் தடுக்கும் வளைவில்) நிற்கும் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும், பிறகு நாற்றம் அறைக்குள் வரும். கான்கிரீட் ஊற்றுமுன் கீழ்முனையை அடைத்து, குழாயில் நீர் நிரப்பி, அரை மணி நேரம் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். அளவு டேப்பை வைத்து அளவு தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள். மேன்ஹோலை அறைக்குள் புதைத்துக் கட்டவே கூடாது.

அளவுகள். 1984ஆம் ஆண்டு யூனிஃபார்ம் பில்டிங் பை-லாஸ் என்னும் மலேசியக் கட்டட விதிப்படி, வீட்டின் மூன்றாவது அறை 6.5 சதுர மீட்டருக்கும், அகலம் 2 மீட்டருக்கும் குறையக் கூடாது. குளியலும் பீங்கானும் சேர்ந்த கழிவறைக்கு 2 சதுர மீட்டர். அறையின் உயரம் குறைந்தது 2.5 மீட்டர். சன்னல் தரைப்பரப்பில் 10 விழுக்காடு, அதில் பாதியாவது திறக்க வேண்டும். 2.4க்கு 3 மீட்டர் அறைக்கு 1.2க்கு 0.9 மீட்டர் சன்னல் தாராளமாகப் போதும். கழிவறை 1.5க்கு 1.5 மீட்டர், அதன் முன்னால் சமையலறையிலிருந்து வரும் சின்ன நடை. கழிவறை வாசலை அறைக்குள் வைக்காமல் நடையில் வையுங்கள், எந்த அறைக்காரரும் பயன்படுத்தலாம். 3 மீட்டர் ஆழத்துக்கு மட்டும் கட்டினால் பின்னால் 1.5 மீட்டர் மிஞ்சும். சன்னல்கள் அங்கே திறக்கும், மேன்ஹோலும் அங்கேயே வெளியில் இருக்கும். முழு அகலத்துக்கும் கட்டிவிட்டால் சமையலறைச் சன்னல் செத்துப்போகும், அதன் எதிரே உள்ள பகுதியைத் திறந்தே விடுங்கள்.

இந்த அமைப்பில் புதுச்சுவர் சுமார் 14.7 மீட்டர் நீளம். கதவு, சன்னல் கழித்தால் ஏறக்குறைய 35 சதுர மீட்டர். அரைச்செங்கல் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 60 கல், சேதாரத்தோடு 2,200 கல் சொல்லுங்கள்.

கூரை உயரத்தில் பலர் ஏமாறுகிறார்கள். புதுத் தகரக் கூரை பழைய கூரை விளிம்புக்குக் கீழே நுழைய வேண்டும். அது 2.9 மீட்டரில் தொடங்கினால், 5 டிகிரி சாய்வில் 3 மீட்டர் போவதற்குள் 26 சென்டிமீட்டர் இறங்கிவிடும். கூரைச் சட்டமும் சீலிங்கும் 15 சென்டிமீட்டர் தின்றால் பின்சுவரோரம் 2.49 மீட்டர்தான் மிச்சம், விதி கேட்கும் 2.5க்குக் குறைவு. சட்டங்களின் உயரத்தைக் குறைத்தோ, சீலிங்கைச் சாய்வாகவே அடித்தோ சரிசெய்யலாம், ஆனால் அதைப் பிளானிலேயே பார்த்துவிடுங்கள். பழைய கூரையின் மழைநீரும் இனி இதன் மேல்தான் விழும். சுவரில் 25 மில்லிமீட்டர் காடி வெட்டி ஃபிளாஷிங் தகடு (கூரையும் சுவரும் சேரும் இடத்தில் நீரைத் தடுக்கும் தகடு) செருக வேண்டும், சிலிக்கன் பூசி ஒட்டினால் வெயிலில் பிரிந்துவிடும். மழைநீர் லோங்காங்குக்கு (மழைநீர்க் கால்வாய்க்கு) போகட்டும், கழிவுக்குழாயில் விடக் கூடாது.

தரைமட்டக் கழிவறையில் நீர் கசிந்தால் கீழே சொட்டிக் காட்ட யாரும் இல்லை. அடுத்த அறைச் சுவரின் அடியில் பெயிண்ட் பூத்து உரியும்போதுதான் தெரியும். கழிவறைத் தரை 50 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும், வாசலில் கான்கிரீட் வரம்பு வையுங்கள். நீர்ப்புகாப் பூச்சு இரண்டு முறை, ஒன்றுக்கொன்று குறுக்காக. சுவரில் 300, குளிக்கும் பக்கம் 1,800 மில்லிமீட்டர் வரை. குழாய் தரையைத் துளைக்கும் இடத்தில் வலைத்துணி வைத்துப் பூசச் சொல்லுங்கள், கசிவு அங்கேதான் பிறக்கும். பூச்சு காய்ந்தபின் தரைப்பொறியை அடைத்து 24 மணி நேரம் நீர் தேக்குங்கள். டைல் ஒட்டுகிறவர் அவசரப்படுத்துவார், விடாதீர்கள்.

வாட்டர் ஹீட்டருக்குத் தனி சர்க்யூட், 20 ஆம்பியர் இருமுனை சுவிட்ச் கழிவறைக்கு வெளியே, 10 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். வயரிங்கைப் பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். ஒற்றை மாடி வீட்டுத் தொட்டியில் அழுத்தம் குறைவு, பம்ப் உள்ள ஹீட்டராகப் பாருங்கள். இரண்டாவது தொட்டி வைப்பதானால், 500 லிட்டர் என்றால் அரை டன் என்பதைக் கூரைச் சட்டத்தோடு சேர்த்து யோசியுங்கள்.

அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. 1974ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு கூட்டிக் கட்டுவதற்கும் பொருந்தும். பின் சந்துப் பக்கம் எத்தனை அடி விட வேண்டும், அண்டை வீட்டார் கடிதம் வேண்டுமா என்பதைப் பினாங்கு மாநகர் மன்றக் கட்டடப் பிரிவில் கேட்டுவிட்டே பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேனை அளவு போடச் சொல்லுங்கள். ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்தில் வீடு உள்ளவர்களுக்கு நடைமுறை இன்னும் கடுமை.

வரிக்கணக்கில் ஒன்று: இந்தச் செலவு பழுதுபார்ப்பு ஆகாது, வாடகை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. வேலை முடிந்தபின் வீட்டு மதிப்பீட்டு வரியும் ஏறலாம், புது வாடகையை அதையும் கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.